நூல்பைக்காரர்கள்

அன்புள்ள அண்ணா,

1942 ஈஸ்டர் ஞாயிறு கொழும்பில் குண்டு விழுந்த கதையை அப்பப்பா அடிக்கடி சொல்வார். கொட்டாஞ்சேனையில் பூசைக்குப் போன சனம், தலைக்கு மேலே போன விமானங்களை ‘எங்கட ஆக்கள்’ என்று நினைத்துக் கையசைத்ததாம். “ஒரு கட்டலீனாக்காரன்தான் கொழும்பைக் காப்பாற்றினவன்” என்று முடிப்பார். உண்மையா?
ரொ., கொழும்பு 13

அன்புள்ள ரொ.,

அப்பப்பா சொன்னது பாதி சரி. கட்டலீனா என்பது தண்ணீரில் இறங்கி எழும்பும் ரோந்து விமானம். அது ஏப்ரல் 4ஆம் திகதி கொக்கல வாவியிலிருந்து எழும்பியது. ஓட்டியவர் கனடாக்காரரான லெனார்ட் பேர்ச்சல். அவரோடு சேர்த்து ஒன்பது பேர். நாள் முழுக்க வெறுங்கடலைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. திரும்பப்போகிற நேரத்தில் தெற்கே ஒரு புள்ளி. கிட்டப் போனால் ஜப்பானியக் கடற்படை, ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களோடு. செய்தியை மூன்று தரம் அனுப்புவது முறை. மூன்றாம் தரம் பாதியில், ஜப்பானியர் சுட்டதில் வயர்லெஸ் சிதறிப்போனது. மூன்று பேர் செத்தார்கள், ஆறு பேர் கைதிகளானார்கள்.

இவ்வளவு விலை கொடுத்த செய்தி வந்துசேர்ந்தும், மறுநாள் காலை ஜப்பான்காரன் தலைக்கு மேல் வந்தபோது இரத்மலானை விமானத்தளத்து ஹரிக்கேன்கள், அதாவது பிரித்தானியச் சண்டை விமானங்கள், தரையில்தான் நின்றன. இதை அப்பப்பா சொல்லியிருக்கமாட்டார். கறுவாத்தோட்டத்து ரேஸ்கோர்ஸ் தப்பியது, அங்கே ஓடுபாதை போட்டிருப்பது ஜப்பானியருக்குத் தெரியாததால். (இன்றைக்கு அங்கே கடைகள். நானும் பிளேன்டீ குடித்திருக்கிறேன், விலையைக் கேட்காதீர்கள்.) அங்கிருந்து 258ஆம் ஸ்குவாட்ரனின் 14 ஹரிக்கேன்கள் எழும்பின. ஒன்பதை இழந்தார்கள். அந்த விமானிகளில் சிலர் சிங்கப்பூரில் அடிவாங்கித் தப்பி வந்த பெடியன்கள்.

ஆனால் எனக்கு அடிக்கடி நினைவு வருவது வேறு ஆறு விமானங்கள். திருகோணமலையிலிருந்து இரத்மலானைக்கு வந்துகொண்டிருந்த, பிரித்தானியக் கடற்படையின் சோட்ஃபிஷ்கள். இரட்டைச் சிறகு, துணி போர்த்திய உடம்பு, மேலே மூடி கிடையாது, வயிற்றின் கீழே டோர்பிடோ. எதை வேண்டுமானாலும் ஏற்றலாம் என்பதால் அதில் பறந்தவர்கள் வைத்த பட்டப்பெயர் ‘ஸ்ட்ரிங்பேக்’. சந்தைக்குக் கொண்டுபோகிற நூல்பை. ஜப்பானியரின் ஸீரோ சண்டை விமானங்கள் ஆறையும் விழுத்தின.

சோட்ஃபிஷில் துப்பாக்கிக்காரர் கடைசியில், வால்பக்கம் பார்த்து இருப்பார். பின்னால் வந்ததை முதலில் கண்டது அவர்தானாயிருக்கும். கொட்டாஞ்சேனைச் சனத்தைப் போல, அவரும் ஒரு கணம் ‘எங்கட ஆக்கள்’ என்று நினைத்திருக்கலாம்.