அமெரிக்காவில் உண்ணிக் கடியால் வரும் லைம் நோய்க்கு மருந்து சாப்பிட்டு முடித்த மகனுக்கு, காரைக்குடி வந்த பிறகு மறுபடி முட்டி வலி. நோய் திரும்பிவிட்டதா? மறுபடி ரத்தப் பரிசோதனை எடுக்கலாமா?

முட்டி வீங்கியிருக்கிறதா, வலி மட்டும்தானா என்று நீங்கள் எழுதவில்லை. நான் முதலில் கேட்பது அதைத்தான்.

நான் டாக்டர் இல்லை. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் இருந்தபோது என் மகளுக்கு லைம் வந்து, வலது முட்டி பெரிதாக வீங்கி, 28 நாள் ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். சரியானது. அப்புறம் ஊரோடு வந்துவிட்டோம், இப்போது பள்ளத்தூரில் இருக்கிறோம். வந்த கொஞ்ச காலத்தில் ஒரு நாள் ராத்திரி, "அம்மா, அதே முட்டி வலிக்குது" என்றாள். அன்றைக்கு எனக்குத் தூக்கம் போச்சு. அதனால் உங்கள் பயம் எப்படிப்பட்டது என்று தெரியும்.

லைமால் வரும் மூட்டுத் தொந்தரவில் வீக்கம்தான் பெரிதாகத் தெரியும், வலி அந்த அளவுக்கு இருக்காது. பிள்ளை நொண்டிக்கொண்டாவது நடந்துவிடும். அதனால் மகனைக் காலை நீட்டி உட்கார வைத்து இரண்டு முட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முட்டிச் சில்லுக்கு இரு புறமும் லேசான குழி தெரியும். உள்ளே நீர் கோத்தால் முதலில் அந்தக் குழி மறையும். தையல் டேப்பால் இரண்டு முட்டியையும் ஒரே இடத்தில் அளந்து குறித்து வையுங்கள். எங்கள் வீட்டில் டேப்புக்கு முன்னாலேயே அப்பத்தா ஒரு சோதனை வைத்துவிட்டார். பட்டாலையில் இலை போட்டு, பேத்தியைச் சம்மணம் போட்டு உட்காரச் சொன்னார். உட்கார்ந்தாள், சாப்பிட்டாள், கையை ஊன்றாமல் எழுந்தாள். "முட்டிக்குள்ள ஒண்ணுமில்லைடி" என்று முடித்துவிட்டார். அதற்காக டாக்டரிடம் போகாமல் இருக்கவில்லை.

காரைக்குடியில் நாங்கள் பார்த்த குழந்தை டாக்டர், லைம் நோயாளியைத் தான் நேரில் பார்த்ததில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். அது எனக்குப் பிடித்தது. அமெரிக்கக் காகிதங்களை எல்லாம் வாங்கி நிதானமாகப் படித்தார். ஸ்கேனில் முட்டிக்குள் நீர் இல்லை. ஆனால் வலது தொடை இடதைவிட மெலிந்திருந்தது. முட்டி வீங்கிக் கிடந்த காலத்தில் பிள்ளை அந்தக் காலை ஊன்றாமலே பழகிவிட்டதால் தசை இளைத்திருக்கிறது, ஓடி ஆடினால் வலிக்கிறது என்றார். பிசியோதெரபி பயிற்சி கொடுத்தார்கள். வலி ஒரேயடியாகப் போகவில்லை, மெதுவாகத்தான் குறைந்தது.

ரத்தப் பரிசோதனை எடுப்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எடுத்தால் அநேகமாக பாசிட்டிவ் என்றுதான் வரும், பயம் இரட்டிப்பாகும். அந்தப் பரிசோதனை கிருமியைத் தேடுவதில்லை, கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கிய ஆன்டிபாடியைத் தேடுகிறது. நோய் குணமாகி வருஷக்கணக்கில் ஆனபிறகும் அது ரத்தத்தில் இருக்கலாம். மருந்து வேலை செய்ததா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

மருந்து முடிந்தபிறகும் அசதி, உடம்பு வலி என்று சிலருக்கு மாதக்கணக்கில் நீள்வது உண்மைதான். ஆனால் அதற்கு நீண்ட நாள் ஆன்டிபயாடிக் கொடுப்பதால் பலன் இல்லை என்று 2016இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வு காட்டியது. வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்கள் அனுப்பும் 'ஆறு மாத கோர்ஸ்' சமாச்சாரங்களை நம்பாதீர்கள். முட்டி நிஜமாகவே மறுபடி வீங்கியிருந்தால் கதை வேறு. சிலருக்கு முதல் சுற்று மருந்தில் மூட்டு முழுதாக வடியாது, இரண்டாம் சுற்று தேவைப்படும். அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். முகம் ஒரு பக்கம் கோணினாலோ, கடுமையான தலைவலியோடு கழுத்து விறைத்தாலோ, நெஞ்சு படபடத்து மயக்கம் வந்தாலோ காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

வலியோடு காய்ச்சலும் இருந்தால், லைமையே நினைத்துக்கொண்டிருக்காதீர்கள். நம் பக்கத்தில் டெங்கு இருக்கிறது, சிக்குன்குனியா இருக்கிறது, சிறு பூச்சிக் கடியால் வரும் ஸ்க்ரப் டைபஸ் இருக்கிறது. இந்தக் கடைசிக் காய்ச்சலில் அக்குள், இடுப்பு மடிப்பு மாதிரி மறைவான இடத்தில் சிகரெட் சுட்டதுபோல ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கலாம், தேடிப் பாருங்கள். அது தாமதித்தால் ஆபத்து.

ஒரு பிள்ளையின் தாய் இப்படி அலைவது இந்த நோய்க்குப் புதிதில்லை. 1975 வாக்கில் கனெக்டிகட்டின் லைம் ஊர்ப்பக்கம் பல குழந்தைகளுக்கு முட்டி வீங்கியபோது, பாலி மர்ரே என்ற தாய் உள்படச் சிலர் விடாமல் முறையிட்ட பிறகுதான் யேல் பல்கலைக்கழகத்தின் ஆலன் ஸ்டீர் ஆராய்ச்சியில் இறங்கினார். கிருமியை வில்லி பர்க்டார்ஃபர் கண்டுபிடித்தது 1981இல்தான். உங்கள் நச்சரிப்பை யாராவது கேலி செய்தால் இதைச் சொல்லுங்கள்.

லீவு முடிந்து அமெரிக்கா திரும்புகிறீர்கள் என்றால் அங்கேதான் கவனம் தேவை. ஒரு தடவை லைம் வந்ததால் மறுபடி வராது என்று கிடையாது. புதுக் கடியால் புதிதாக வரலாம். லைமைப் பரப்பும் கறுப்புக்கால் உண்ணியின் குஞ்சு கசகசா அளவுதான் இருக்கும். புல்வெளியில் விளையாடிவிட்டு வந்தால் குளிப்பாட்டும்போது காதுக்குப் பின்னால், தலைமுடி, அக்குள், முட்டியின் பின்புறம் எல்லாம் விரலால் தடவிப் பாருங்கள். பொதுவாக அது ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருந்தால்தான் கிருமி ஏறும் என்பதால், அன்றன்றே எடுத்துவிட்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம். கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய், நெருப்புக்குச்சி எல்லாம் வேண்டாம், அப்பத்தா போனில் என்ன சொன்னாலும் சரி.