குடியேற்றவாதிகளுக்கும் பூர்வகுடிகளுக்கும் இடையிலான மோதலை இனமையவாதம் எவ்வாறு வளர்க்கிறது?

நிலத்துக்கான பேராசையே மோதலுக்குப் போதுமான காரணம் அல்லவா, இனமையவாதத்துக்கு அதில் தனிப்பங்கு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. தன் சமூகத்தின் வழக்கத்தையே அளவுகோலாகக் கொண்டு பிறரை எடைபோடும் இந்த மனப்பாங்கு, அபகரிப்பை அபகரிப்பவரின் கண்ணுக்கே நியாயமாகக் காட்டிவிடுகிறது.

1788இல் ஆஸ்திரேலியாவில் குடியேறத் தொடங்கிய பிரித்தானியர், வேலியும் உழவும் இல்லாத நிலத்துக்கு உரிமையாளர் இல்லை என்றே கருதினர். பூர்வகுடிகள் திட்டமிட்டுத் தீயிட்டுப் புல்வெளிகளைப் பேணியதும், பட்ஜ் பிம் பகுதியில் கல்லால் கால்வாய் அமைத்து விலாங்கு மீன் பிடித்ததும் அவர்கள் கணக்கில் சேரவில்லை. ஆகவே, தம் வேட்டைநிலத்தில் மேய்ந்த ஆட்டைப் பூர்வகுடியினர் கொன்றால் அது திருட்டாயிற்று. பதிலடியாகத் துப்பாக்கிகள் வந்தன. 'எவருக்கும் சொந்தமில்லா நிலம்' என்ற அந்தக் கருத்தை அந்நாட்டு உயர் நீதிமன்றம், பூர்வகுடிகளின் நில உரிமை பற்றிய மாபோ வழக்கில் நிராகரித்தது 1992இல்தான்.

கனடாவின் பசிபிக் கரையோரச் சமூகங்களின் பாட்லாட்ச் விழா இன்னும் தெளிவான சான்று. தலைவர் போர்வைகள் முதலான செல்வத்தை வாரி வழங்குவார். பெற்றுக்கொள்ளும் விருந்தினர் அவரது பட்டத்துக்கும் உரிமைகளுக்கும் சாட்சிகள் ஆவர். எழுத்துப் பதிவில்லாத இடத்தில் அதுவே பத்திரப்பதிவு. சேர்த்துவைப்பதையே நாகரிகமாகக் கண்ட அரசுக்கோ அது வெறும் ஊதாரித்தனமாகத் தெரிந்தது. அவ்விழாவைத் தடைசெய்த அதிகாரிகளில் சிலர் அச்சமூகத்தினரைத் 'திருத்துவதாகவே' மனதார நம்பினர். பேராசையைவிட அந்த நம்பிக்கையே ஆபத்தானது என்பது என் கருத்து, ஏனெனில் அதனோடு பேரம்கூடப் பேச முடியாது. 1885இல் நடைமுறைக்கு வந்த அத்தடை 1951 வரை நீடித்தது. இடையே, 1921இல் நடந்த ஒரு விழாவுக்காகப் பலர் கைதாயினர். அவர்களிடமிருந்து பறிக்கப்பட்ட முகமூடிகள் அருங்காட்சியகங்களுக்குப் போய்ச் சேர்ந்தன.