மருத்துவர்கள் மனமுடைந்தார்களா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

சேலத்தில் முதுகலை ஆங்கிலம் படிக்கிறேன். மொழிபெயர்ப்புத் தாளுக்காக ஒரு ஆங்கிலச் சிறுகதையைத் தமிழில் செய்துகொண்டிருக்கிறேன். அதில் 'த டாக்டர்ஸ் டெஸ்பேர்ட் ஆஃப் ஹிஸ் லைஃப்' என்று ஒரு வரி வருகிறது. அகராதியில் 'டெஸ்பேர்' என்பதற்கு 'நம்பிக்கை இழ, மனமுடை' என்று இருந்தது. 'மருத்துவர்கள் அவன் வாழ்க்கையை எண்ணி மனமுடைந்தார்கள்' என்று எழுதினேன். பேராசிரியர் அதை அடித்துவிட்டு 'விரக்தியடைந்தார்கள்' என்று திருத்தினார். இரண்டுமே எனக்கு ஒட்டவில்லை. இந்த வினைச்சொல்லை எப்படிப் புரிந்துகொள்வது? நடுவில் 'ஆஃப்' எதற்கு? நாமெல்லாம் 'டெஸ்பரேட்' என்று சொல்கிறோமே, அதுவும் இதுவும் ஒன்றா?

ம., அம்மாபேட்டை, சேலம்

அன்புள்ள ம.,

ஒட்டவில்லை என்று தோன்றியதல்லவா, அந்தக் காதை நம்புங்கள். உங்கள் வரியைப் படித்தால் வார்டு வாசலில் டாக்டர்கள் தூணில் சாய்ந்து அழுவதுபோல் இருக்கிறது. திருத்திய வரியில் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் காசிக்கே கிளம்பிவிடுகிறார்கள்.

வீட்டில் அம்மாவிடம் அந்தக் காட்சியை மட்டும் சொல்லிப் பாருங்கள். "டாக்டருங்க கையை விரிச்சுட்டாங்களா?" என்று கேட்பார். அதுதான் அந்த வரி. 'லைஃப்' இங்கே வாழ்க்கை இல்லை, உயிர். பிழைக்க மாட்டான் என்று மருத்துவர்கள் கைவிரித்துவிட்டார்கள், அவ்வளவுதான். கைவிரிக்கிற டாக்டருக்கு உள்ளே வருத்தம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். வாக்கியம் அதைப் பற்றிப் பேசவில்லை. அவர்கள் வந்து சேர்ந்த முடிவை மட்டும் சொல்கிறது.

நம் அகராதிகள் இந்தச் சொல்லை முழுக்க முழுக்க உணர்ச்சியின் கணக்கில் எழுதிவிடுகின்றன என்பதே என் குறை. லத்தீனில் 'ஸ்பெராரே' என்றால் நம்பிக்கை வைத்தல். முன்னால் 'டே' சேர்ந்தால் அந்த நம்பிக்கையிலிருந்து விலகுதல். (1887இல் ஸாமன்ஹாஃப் ஒரு புதுமொழியை வெளியிட்டபோது 'நம்பிக்கையோடிருப்பவர்' என்ற பொருளில் 'எஸ்பெராண்டோ' என்று புனைபெயர் வைத்துக்கொண்டாரே, அதுவும் இந்த வேர்தான்.) எதன்மீது வைத்த நம்பிக்கை போயிற்று என்று சொல்லத்தான் 'ஆஃப்'. அதை விட்டுவிட்டு 'டெஸ்பேர்ட் ஹிஸ் லைஃப்' என்று எழுத இன்றைய ஆங்கிலம் விடாது. 'ஆஃப்' வந்தால் பின்னால் ஒரு பொருளோ ஆளோ காரியமோ நிற்கும்: உயிர், மகன், வேலை கிடைப்பது. 'அட்' வந்தால் கதை வேறு. அது நடப்பதைக் கண்டு மனம் வெறுத்துப்போவது. உங்கள் 'மனமுடைதல்' அங்கே பொருந்தும்.

நான் இருக்கும் ஏற்காட்டில் இதை வருடாவருடம் பார்க்கலாம். மார்ச் வாக்கில் காப்பிச் செடியில் கணுவுக்குக் கணு மொட்டு கட்டி நிற்கும். பச்சையும் வெள்ளையுமாக, குஞ்சு விரல் நுனிபோல. அது தானாக விரியாது. ஒரு அங்குலமாவது மழை விழுந்தால்தான் அடுத்த பத்து நாளுக்குள் தோட்டம் முழுக்க வெள்ளையாகப் பூக்கும். அதனால் அந்த மழைக்கே பூ மழை என்று பேர். ஒரு வருடம் மேகம் சேர்வதும் கலைவதுமாகப் போக்குக் காட்டிக்கொண்டிருந்தது. பக்கத்துத் தோட்டக்காரர் ஒரு கிளையை வளைத்து, மொட்டு ஒன்றைக் கிள்ளி, நகத்தால் பிளந்து பார்த்தார். "இனிமே மழைய நம்பிப் பிரயோசனமில்லீங்க, ஸ்ப்ரிங்ளர மாட்டிருவோம்" என்றார். முகத்தில் துக்கம் எதுவும் இல்லை, டீசல் கணக்குதான் ஓடியது. ஒருதரம் தண்ணீர் அடித்துப் பூக்க வைத்துவிட்டால் அடுத்த தண்ணீருக்கும் மழையை எதிர்பார்க்க முடியாதே. அவர் சொன்னதை ஆங்கிலத்தில் 'டெஸ்பேர்ட் ஆஃப் ரெயின்' என்று எழுதினால் ஒரு எழுத்து பிசகாது. 'மழையை எண்ணி மனமுடைந்தார்' என்று அதைத் தமிழாக்கினால் மனிதர் சண்டைக்கு வந்துவிடுவார்.

ஆளைக் குறித்து வரும்போது கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். 'ஷி டெஸ்பேர்ட் ஆஃப் ஹெர் சன்' என்பதை 'மகனைக் கைகழுவினாள்' என்றோ 'தலைமுழுகினாள்' என்றோ எழுதக் கை துறுதுறுக்கும். இரண்டிலும் உறவே அறுந்துவிடுகிறது. ஆங்கில வரியில் அப்படி இல்லை. மகன் உருப்படுவான் என்ற நினைப்பைத்தான் அவள் விட்டிருக்கிறாள். ராத்திரி எத்தனை மணிக்கு வந்தாலும் சோறு எடுத்துவைப்பாள்.

இதற்கு நல்ல முன்மாதிரி பழைய தமிழ் பைபிளில் இருக்கிறது. கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் முதல் அதிகாரம், எட்டாம் வசனம். 1611ஆம் வருடத்து ஆங்கில பைபிளில் அங்கே 'டெஸ்பேர்ட் ஈவன் ஆஃப் லைஃப்' என்று இருக்கும், கிட்டத்தட்ட உங்கள் வரியேதான். தமிழில் 'பிழைப்போம் என்கிற நம்பிக்கை அற்றுப்போகத்தக்கதாக' என்று வருகிறது. எதைப் பற்றிய நம்பிக்கை என்பது விட்டுப்போகவில்லை பாருங்கள். அதே நிருபத்தில் நாலாம் அதிகாரம் எட்டாம் வசனத்தில் 'நாட் இன் டெஸ்பேர்' என்று பெயர்ச்சொல்லாக வருகிறது. அங்கே 'மனமுறிவடைகிறதில்லை' என்று போட்டிருக்கிறார்கள். கிரேக்க மூலத்தில் இரண்டு இடத்திலும் ஒரே வினைச்சொல். இடம் பார்த்து இரண்டு தமிழ் தேடிய அந்தப் பண்டிதர்களுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

'ஆஃப்' இல்லாமல் மொட்டையாக வந்தால்? ஆங்கிலக் கவிஞர் ஷெல்லியின் 'ஒசிமாண்டியாஸ்' கவிதை உங்களுக்குப் பாடத்தில் இருந்திருக்கும், 1818இல் வந்தது. 'லுக் ஆன் மை வொர்க்ஸ், யீ மைட்டி, அண்ட் டெஸ்பேர்' என்று ஒரு பழங்கால அரசன் தன் சிலையின் பீடத்தில் வெட்டிவைக்கிறான். 'வலியவர்களே, மனம் உடையுங்கள்' என்று மொழிபெயர்த்தால் உப்புச் சப்பில்லை. அவன் சொல்வது, என்னை மிஞ்சலாம் என்ற ஆசையை விட்டுவிடுங்கள் என்று. சொல்லாமல் விட்ட 'ஆஃப்' அங்கே ஒளிந்திருக்கிறது. சிலை இடிந்து கிடக்கிறது, சுற்றிலும் மணலைத் தவிர ஒன்றும் மிச்சமில்லை என்று தெரிந்த பிறகு அதே வரி, எதுவும் நிலைக்கும் என்ற ஆசையை விடுங்கள் என்று திரும்பிக்கொள்கிறது. கவிதையே அந்த ஒளிவில்தான் நடக்கிறது. தமிழில் 'ஆசை விடுங்கள்' என்று பொதுவாக நிறுத்தினால் இரண்டுக்கும் இடம் கிடைக்கும்.

'டெஸ்பரேட்' ஒரே வயிற்றுப் பிள்ளைதான், ஆனால் வேறு ஊருக்குப் போய்விட்டது. இனி இழக்க ஒன்றுமில்லை என்றானவன் எதையும் செய்யத் துணிவான் என்ற வழியில் பொருள் நகர்ந்துவிட்டது. சேலத்துக் கோச்சிங் சென்டரில் "டெஸ்பரேட்டா படிக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால் அவருக்கு ஆசை இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். குரூப் ஃபோர் தேறுவோம் என்பதில் 'டெஸ்பேர்' ஆனவர் அடுத்த தடவை விண்ணப்பமே போட மாட்டார்.

பேராசிரியரிடம் 'கைவிரித்துவிட்டார்கள்' என்று எழுதிக் காட்டுங்கள். பேச்சு வழக்கு என்று தயங்கினால் 'பிழைப்பான் என்ற நம்பிக்கை மருத்துவர்களுக்கு அற்றுப்போயிற்று' என்று வைத்துக்கொள்ளலாம், கதையின் நடை கொஞ்சம் பழையது என்றால் அதுவே மேல். 'கைவிட்டார்கள்' மட்டும் வேண்டாம். ஊசி மருந்தெல்லாம் நிறுத்திவிட்டார்கள் என்று ஆகிவிடும்.