ஆசிரியர் கேள்வி – பதில்: அளந்து கற்கும் புள்ளியியல்

கேள்வி: சராசரி, இடைநிலை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்), திட்டவிலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) நடத்துகிறேன். ஒரே பாடவேளையில் மாணவர்களே தரவு திரட்டக்கூடிய செயல்பாடு ஏதாவது உண்டா?

30 செ.மீ. அடிக்கோல் போதும். அது விழுவதைக் கண்டு பிடிக்க ஆகும் நேரத்தை, அதாவது வினைநேரத்தை, அளக்கலாம். இருவர் இருவராக உட்காரட்டும். ஒருவர் முன்கையை மேசைமேல் ஊன்றி, கை மட்டும் விளிம்புக்கு வெளியே இருக்கும்படி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சுமார் 3 செ.மீ. விரித்து வைத்திருக்க வேண்டும். மற்றவர் அடிக்கோலைச் செங்குத்தாகத் தூக்கிப் பிடித்து, 0 குறியைக் கட்டைவிரலின் மேல்விளிம்புக்கு நேராகக் கொண்டுவந்து, முன்கூட்டிச் சொல்லாமல் விடுகிறார். பிடித்தபின் அதே மேல்விளிம்புக்கு நேரான அளவைக் குறிக்க வேண்டும். ஆளுக்கு 12 முறை. முதல் 2 பழக்கத்துக்கு. அவற்றைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பதைத் தொடங்குமுன்பே சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால், பிடிக்காத அளவையெல்லாம் ‘பழக்கம்’ என்று ஒதுக்குவார்கள்.

குறித்த தூரத்தை (செ.மீ.) 490ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் வினைநேரம் நொடியில் கிடைக்கும். 20 செ.மீ. என்றால் ஏறத்தாழ 0.20 நொடி. 5 செ.மீ.க்குள் பிடித்துவிட்டால் 0.1 நொடி ஆகிறது. அது திறமையன்று, ஊகம். பெரும்பாலும் விடுபவர் ஒரே தாளத்தில் விட்டிருப்பார். காத்திருக்கும் நேரத்தை மாற்றி மாற்றி விடச் சொல்லுங்கள்.

உண்மையான பாடம், கோல் கைநழுவி விழும்போதுதான் வருகிறது. மாணவர்கள் அதை ‘கணக்கில்லை’ என்று விட்டுவிடுவார்கள். மெதுவான முயற்சிகள் மட்டுமே இப்படிக் காணாமற்போவதால் சராசரி பொய்யாகக் குறையும். ‘30க்கு மேல்’ என்று எழுதச் சொல்லுங்கள். அதை வைத்துச் சராசரி காண முடியாது. ஆனால் அப்படிப்பட்டவை பாதிக்கும் குறைவாக இருந்தால் இடைநிலையைக் காணலாம். இடைநிலை எதற்கு என்ற கேள்விக்கு இதைவிட நல்ல விடை புத்தகத்தில் இல்லை.

வேகமாக முடிப்பவர்களுக்கு ஒன்று: 10, 30 செ.மீ.க்குச் சராசரி 20; அதன் நேரம் 0.202 நொடி. தனித்தனியே நேரம் கண்டு சராசரி எடுத்தால் 0.195. ஏன் மாறுகிறது என்று கேளுங்கள்.

கேள்வி: 40 மாணவர்களின் உயரத்தை அவர்களையே எழுதச் சொன்னோம். சராசரி 118 செ.மீ. என்று வந்தது. எங்கே தவறு?

அலகில். உங்கள் வகுப்பின் உண்மைச் சராசரி 156 செ.மீ. அளவில் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், சுமார் 10 பேர் 5.2, 1.6 என்று அடியிலோ மீட்டரிலோ எழுதியிருக்க வேண்டும். இடைநிலையை மட்டும் கண்டிருந்தால் 150ஐ ஒட்டி ஏதோ ஓர் எண் வந்து, பிழை ஒளிந்துகொண்டிருக்கும். ஆகவே எதைக் கணக்கிடுவதற்கு முன்பும் சிறும எண், பெரும எண் இரண்டையும் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

‘5.4’ என்பதையும் அப்படியே செ.மீ.க்கு மாற்றாதீர்கள். எழுதியவர் 5 அடி 4 அங்குலத்தைச் சொல்கிறார்: 162.6 செ.மீ. தசமமாக எடுத்தால் 164.6 ஆகிவிடும். 5.11 வந்தால் இன்னும் மோசம், 5.9ஐவிட உயரமானவர் குள்ளமாகிவிடுவார்.

இன்னொன்று: 150, 155, 160 ஆகியவற்றில் எண்கள் குவிந்திருக்கும். வாயால் சொன்ன உயரம் அப்படித்தான் முழுமையாகும். 150–155 என்று பிரிவு வைத்தால் குவியல் எல்லைக்கோட்டிலேயே உட்காரும். 147.5–152.5 என்று வைத்தால் நடுவில் வரும். சுவரில் அளவுநாடா ஒட்டி, காலணி கழற்றி, தலைமேல் ஒரு தட்டையான புத்தகம் வைத்து அளந்தால் இந்தச் சிக்கலே பாதி தீரும்.

கேள்வி: வீட்டுப்பாடமாகத் தரவு கேட்டால் கற்பனையாக எழுதிவிடுகிறார்கள். கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவு முடியும். நாடித்துடிப்பை 15 நொடி எண்ணி 4ஆல் பெருக்கச் சொல்லியிருந்தால், விடைகள் எல்லாமே 4இன் மடங்குகள். 73 என்று ஒரு வரி இருந்தால் அது எண்ணப்பட்டதன்று. (பெருக்கலில் தவறியிருக்கவும் கூடும், கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.)

வகுப்பில் இதையே விளையாட்டாக்கலாம். பாதிப் பேர் நாணயத்தை 100 முறை சுண்டி எழுதட்டும். மீதிப் பேர் சுண்டாமலே எழுதட்டும். உண்மையான பட்டியலில் 5 அல்லது அதற்கு மேல் ஒரே பக்கம் தொடர்ந்து விழாமலிருக்க வாய்ப்பு 100க்கு 3தான். கற்பனையில் எழுதுபவர் 4 பூ வந்ததுமே பயந்து தலைக்கு மாறிவிடுவார்.

கேள்வி: ‘தேர்வில் பார்த்து எழுதியதுண்டா?’ போன்ற கேள்விக்கு உண்மை விடை வருமா?

நேரடியாகக் கேட்டால் வராது. 1965இல் ஸ்டான்லி வார்னர் முன்வைத்த எண்ணத்திலிருந்து பிறந்த எளிய வழி ஒன்று உண்டு. ஒவ்வொருவரும் யாருக்கும் காட்டாமல் நாணயம் சுண்ட வேண்டும். தலை என்றால் ‘ஆம்’ என்றே எழுத வேண்டும். பூ என்றால் உண்மையை. 40 பேரில் 26 ‘ஆம்’ வந்தால், 20 தலையால் வந்தது என்று கழியுங்கள்; மிச்சம் 20இல் 6, அதாவது 30 விழுக்காடு. யார் அந்த ஆறு பேர் என்று உங்களுக்கும் தெரியாது.

ஆனால் 40 சுண்டலில் தலை 14 முதல் 26 வரை எளிதில் ஊசலாடும். 18 ‘ஆம்’ மட்டும் வந்தால் விடை எதிர்மறையாகிவிடும்! நான்கைந்து வகுப்புகளைச் சேர்த்துச் செய்யுங்கள்.

கேள்வி: கணினியே எல்லாம் கணக்கிட்டுவிடும்போது வரைபடம் எதற்கு?

1973இல் புள்ளியியலாளர் பிரான்சிஸ் ஆன்ஸ்கோம் நான்கு தரவுத் தொகுப்புகளை வெளியிட்டார். நான்கிலும் எக்ஸின் சராசரி 9, ஒய்யின் சராசரி 7.5, ஒட்டுறவுக் கெழு (இரண்டும் எவ்வளவு நேர்கோட்டில் சேர்ந்து மாறுகின்றன என்பதன் அளவு) 0.82. வரைந்தால் ஒன்று சிதறிய நேர்கோடு, ஒன்று வளைகோடு, ஒன்றில் ஒரே ஒரு புள்ளி கோட்டை இழுக்கிறது, இன்னொன்றில் ஒரு புள்ளியை எடுத்துவிட்டால் மிச்சமெல்லாம் செங்குத்தாக நிற்கிறது. முதலில் கணக்கிடச் சொல்லுங்கள், பிறகு வரையச் சொல்லுங்கள். வரிசை மாறினால் சுவை போய்விடும்.