பயிலரங்கு முடிந்த திங்கட்கிழமை: பணியில் இருக்கும் உளவியலாளர்களின் கேள்விகளும் பதில்களும்

மருத்துவ உளவியலில் எம்.ஃபில். முடித்து எனக்கு 22 ஆண்டுகள் ஆகின்றன. முதல் எட்டு ஆண்டுகள் ஆஸ்பத்திரி வேலை, அப்புறம் மதுரையில் சொந்த கிளினிக். இளையவர்களின் அமர்வுகளைக் கேட்டுத் திருத்தி வழிகாட்டும் சூப்பர்விஷனும் கொடுத்து வருகிறேன். பட்டம் வாங்கிய பிறகு எதைப் படிப்பது, எப்படிப் படிப்பது என்று யார் எது கேட்டாலும் தெரிந்ததைச் சொல்கிறேன் என்றிருந்தேன். பல ஊர்களிலிருந்து கேள்விகள் வந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

திருநெல்வேலியிலிருந்து: ஆர்.சி.ஐ. பதிவு வாங்கி நாலு வருஷம் ஆச்சு மேடம். கையில் 30 புள்ளிதான் இருக்கு. அடுத்த வருஷம் புதுப்பிக்கணும். மீதியைச் சீக்கிரமாக எப்படிச் சேர்ப்பது?

மற்றவர்களுக்காக ஒரு வரி: இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் (ஆர்.சி.ஐ.) பதிவு பெற்றவர்கள் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு 100 சி.ஆர்.இ. (தொடர் மறுவாழ்வுக் கல்வி) புள்ளிகள் தேவை. ஆண்டுக்கு 20 என்று வைத்துக்கொண்டால் சுமையே இல்லை. கடைசி ஆண்டுக்குத் தள்ளினால்தான் இந்தத் தவிப்பு.

பணம் கட்டும் முன் இரண்டு விஷயம் பாருங்கள். நிகழ்ச்சிக்குக் கவுன்சிலின் அனுமதி இருக்கிறதா? அந்த அனுமதியில் உங்கள் பிரிவு குறிப்பிடப்பட்டிருக்கிறதா? சிறப்பாசிரியர்களுக்கென்று அனுமதி பெற்ற நிகழ்ச்சியில் போய் உட்கார்ந்துவிட்டு, பிறகு புள்ளி ஏறவில்லை என்று அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்காக இருக்கும் நிப்மெட் போன்ற தேசிய நிறுவனங்களின் அறிவிப்புகளைத் தொடர்ந்து பாருங்கள்.

ஆனால் 70 புள்ளியையும் கிடைத்த இடத்தில் பொறுக்க வேண்டாம். உங்கள் கிளினிக்குக்கு அதிகம் வருகிறவர்கள் யார் என்று நோட்டை எடுத்துப் பாருங்கள். குடிப் பிரச்சினையா, பிள்ளைகளின் படிப்புச் சிக்கலா? அதிலிருந்து இரண்டு தலைப்பு எடுத்து அதற்குள்ளேயே தேடுங்கள். நானும் ஒரு வருடம் புள்ளிக்காக மூன்று ஊருக்கு ஓடினேன். அங்கே கேட்டதில் ஒன்றுகூட என் அறைக்குள் வரவில்லை. அது இன்றும் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

கோயம்புத்தூர்: எம்.எஸ்ஸி. உளவியல் முடித்துப் பள்ளியில் கவுன்சிலராக இருக்கிறேன். ஆர்.சி.ஐ. பதிவு கிடையாது, அதனால் யாரும் புள்ளி கேட்பதில்லை. நான் என்ன படிக்க வேண்டும்?

மருத்துவ உளவியலாளர் என்றால் யார் என்பதை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் வரையறுத்திருக்கிறது. அந்தத் தகுதி இல்லாமல் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது. நோய்க் கணிப்புச் சான்றும் எழுதித் தரக் கூடாது. கவுன்சிலராக இருப்பது வேறு, அதில் உங்கள் பொறுப்பு கொஞ்சமும் குறைந்ததில்லை. சொல்லப்போனால் தற்கொலை எண்ணமோ பாலியல் கொடுமையோ முதலில் வெளியே வருவது பள்ளிக் கவுன்சிலரின் அறையில்தான்.

ஆகவே முதலில் போக்ஸோ, அதாவது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டம். 2012 சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, ஒரு குழந்தை பாலியல் குற்றத்துக்கு ஆளானது தெரிந்தால் காவல் துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் விடுவது 21ஆம் பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றம். கவுன்சிலருக்கு விலக்கு இல்லை. தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டேன் என்றால் கடமை முடிந்துவிடாது.

இதைத் தெரிந்துகொள்வது பாதிதான். அந்தப் பிள்ளை “யார்கிட்டயும் சொல்லிடாதீங்க மிஸ்” என்று கையைப் பிடிக்கும்போது என்ன சொல்வது? அந்த நிமிடத்தில் யோசித்தால் பொய்தான் வாயில் வரும். முதல் நாளே, விஷயம் எதுவும் வரும் முன்பே, இப்படிச் சொல்லி வைக்கப் பழகுங்கள்: “நீ சொல்றத நான் வெளியே பேச மாட்டேன். ஆனா உனக்கோ வேற யாருக்கோ ஆபத்துன்னா, இல்ல யாராவது உன்னைத் தப்பாத் தொட்டிருந்தா, உன்னைக் காப்பாத்த நான் சிலபேர்கிட்ட சொல்லணும். சொல்றதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்.” இதைக் கண்ணாடி முன்னால் சொல்லிப் பாருங்கள், வாயில் தடங்கல் இல்லாமல் வரும் வரைக்கும்.

சென்னை: இரண்டு நாள் சி.பி.டி. (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்ற உதவும் சிகிச்சை முறை) பயிலரங்கு போய் வந்தேன். அருமையாக இருந்தது. திங்கட்கிழமை கிளையண்ட் முன்னால் உட்கார்ந்தால் பழையபடி அறிவுரைதான் வருகிறது. என்னிடம்தான் குறையா?

இல்லை. இது கிட்டத்தட்ட எல்லோருக்கும் நடப்பது. இந்தக் கேள்விக்காகவே நான் எழுத உட்கார்ந்தேன் என்று சொல்லலாம்.

2004இல் வில்லியம் மில்லரும் அவருடைய குழுவினரும் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஊக்க நேர்காணல் (மாற வேண்டும் என்ற எண்ணத்தைக் கிளையண்டிடமிருந்தே வரவழைக்கும் பேச்சு முறை) கற்க வந்த 140 சிகிச்சையாளர்களைப் பிரித்தார்கள். சிலருக்குப் பயிலரங்கு மட்டும். சிலருக்குப் பயிலரங்கோடு, அவர்களின் அமர்வுப் பதிவைக் கேட்டு எழுத்தில் கருத்து. சிலருக்குத் தொலைபேசியில் தொடர் பயிற்சி. இன்னும் சிலருக்கு இரண்டும். பயிலரங்கு மட்டும் போனவர்களிடமும் திறமை கூடியது, ஆனால் கருத்தோ தொடர் பயிற்சியோ கிடைத்தவர்களிடம் அது இன்னும் அதிகமாகக் கூடியது. இன்னொரு முடிவு என்னை அதிகம் உலுக்கியது: “நான் இதை நன்றாகச் செய்கிறேன்” என்று அவர்கள் தங்களைப் பற்றிச் சொன்னதற்கும், ஒலிப்பதிவில் தெரிந்த திறமைக்கும் தொடர்பே இல்லை.

அதாவது, நாம் அறைக்குள் எப்படிப் பேசுகிறோம் என்பது நமக்கே தெரியாது. இன்னொருவர் கேட்டுச் சொல்ல வேண்டும்.

என் கதையைச் சொல்கிறேன். (அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.) கடை நொடித்துப்போன ஒருவர் வந்துகொண்டிருந்தார். அவர் சம்மதத்தோடு ஒரு அமர்வைப் பதிவு செய்து என் சூப்பர்வைசரிடம் கொண்டுபோனேன். நன்றாகப் போன அமர்வு என்றுதான் நினைத்திருந்தேன். பதிவில் அவர் சொல்கிறார்: “வீட்ல யார் முகத்தையும் பார்க்க முடியல மேடம்…” உடனே என் குரல்: “ஏன் அப்படி நினைக்கிறீங்க?” சூப்பர்வைசர் அங்கே நிறுத்தினார். “அவர் இன்னும் முடிக்கலையேம்மா” என்றார். மறுபடி ஓட்டினார். மூன்றாவது முறை கேட்கும்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் மூச்சை இழுக்கிறார், அடுத்த சொல் வரப்போகிறது, நான் குறுக்கே விழுகிறேன். அடுத்த வாரம் காத்திருந்தேன். வந்த சொல், “பசங்க ஸ்கூல் ஃபீஸ்” என்பது. அதற்குப் பிறகு எங்கள் பேச்சு வேறு இடத்துக்குப் போனது.

எந்தப் பயிலரங்கிலும் அந்தப் பாடத்தை எனக்குச் சொல்லித் தந்திருக்க முடியாது. எனவே, அடுத்த பயிலரங்குக்கு வைத்திருக்கும் பணத்தில் பாதியை சூப்பர்விஷனுக்கு ஒதுக்குங்கள். முழு அமர்வும் வேண்டாம். நீங்கள் தடுமாறிய பதினைந்து நிமிடத்தை மட்டும் எடுத்துப் போங்கள். நன்றாக நடந்த பகுதியைக் காட்டத்தான் மனசு வரும், ஆனால் கற்றுக்கொள்ள எதுவும் அதில் இருக்காது.

தஞ்சாவூர்: பயிற்சி முழுக்க இங்கிலீஷில், கிளையண்ட் பேசுவது தமிழில். ‘ஆட்டோமேட்டிக் தாட்’ (சட்டென்று தானாக மனசில் ஓடும் எண்ணம்) என்பதற்கு நல்ல தமிழ்ச்சொல் என்ன?

சொல் தேட வேண்டாம், கேள்வியைத் தேடுங்கள். “அந்த நேரத்துல மனசுல என்ன ஓடிச்சு?” இதற்குப் பதில் சொல்லாத தமிழர் யாரையும் நான் பார்த்ததில்லை. ‘தானியங்கி எண்ணம்’ என்று சொன்னால் அவர் உங்களையே பார்த்துக்கொண்டிருப்பார்.

உணர்ச்சிகளுக்கும் இப்படித்தான். ‘கஷ்டமா இருக்கு’ என்பதற்குள் துக்கம், அவமானம், கோபம், கடன் எல்லாம் இருக்கும். ‘ஒரு மாதிரியா இருக்கு’ என்பது இன்னும் அகலம். ‘நெஞ்சு அடைக்குது’, ‘உடம்பெல்லாம் எரியுது’ என்று வருகிறவரிடம், முதலில் உடம்பை மருத்துவர் பார்த்துவிட்டாரா என்று கேளுங்கள். பிறகு, “எப்ப ரொம்ப அடைக்குது? அப்ப பக்கத்துல யார் இருந்தா?” என்று தொடருங்கள்.

தற்கொலை பற்றிக் கேட்பதில்தான் மொழி நம்மை அதிகம் காட்டிக்கொடுக்கும். அதுவரை தமிழில் பேசிவந்தவர்கள் அந்த இடத்தில் மட்டும் இங்கிலீஷுக்குத் தாவுவதைப் பல அமர்வுப் பதிவுகளில் கேட்டிருக்கிறேன். பயந்து ஒதுங்குகிறோம் என்பது எதிரே இருப்பவருக்குப் புரிந்துவிடும். “செத்துப் போயிடலாம்னு தோணுதா?” என்று நேராக, மெதுவாகக் கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, ஆய்வுகள் இதில் தெளிவாக இருக்கின்றன. பலர் அப்பாடா என்று பேச ஆரம்பிப்பார்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸின் 14416 எண்ணை அவர்கள் கையில் கொடுத்து அனுப்புங்கள், எந்த நேரமும் தமிழில் பேசலாம். பயிற்சிகளில் ரோல் பிளே வந்தால் தமிழில்தான் செய்வேன் என்று அடம்பிடியுங்கள். பயிற்சியாளருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பக்கத்தில் இருப்பவர் கருத்துச் சொல்லட்டும்.

ஈரோடு: வார இறுதி ஆன்லைன் வகுப்பில் ‘ட்ராமா தெரபிஸ்ட்’ சான்றிதழ் தருகிறார்கள். சேரலாமா?

மன அதிர்ச்சிக்கு (ட்ராமா) கண் அசைவுகளைப் பயன்படுத்திச் சிகிச்சை தரும் இ.எம்.டி.ஆர். முறையை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் இ.எம்.டி.ஆர். சங்கம் அடிப்படைப் பயிற்சிக்கே 20 மணி நேரப் பாடம், 20 மணி நேரம் மேற்பார்வையில் செய்முறைப் பயிற்சி, அப்புறம் சொந்த கேஸ்களை வைத்து 10 மணி நேர ஆலோசனை கேட்கிறது. இந்தக் கணக்கை அந்த விளம்பரத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பயிற்சி முடிந்தபின் உங்கள் கேஸை யார் கேட்பார்கள் என்று அவர்களிடம் கேளுங்கள். பதில் இல்லையென்றால் சேர வேண்டாம்.

சேலம்: எனக்கு 26 வருட அனுபவம். இன்னும் இளையவர்களோடு உட்கார்ந்து படிக்க வேண்டுமா என்று தோன்றுகிறது.

மரியாதையோடு சொல்கிறேன் சார், வேண்டும். 2016இல் வெளியான ஆய்வு ஒன்றில் 170 சிகிச்சையாளர்களைச் சராசரியாக ஐந்து ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலம் தொடர்ந்து பார்த்தார்கள். 6,500க்கும் மேற்பட்ட நோயாளிகள். அனுபவம் கூடக் கூடப் பலன் கூடவில்லை, மிகச் சிறிய அளவில் குறைந்தது. தனித்தனியாகப் பார்த்தால் முன்னேறியவர்களும் உண்டு. 2012இல் இன்னொரு ஆய்வு, மனநலப் பணியாளர்கள் 129 பேரிடம் அவர்கள் திறமையை அவர்களையே மதிப்பிடச் சொன்னது. சராசரிக்குக் கீழே இருக்கிறேன் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

நான் செய்வது எளிது. மனச்சோர்வோடு வருகிறவர்களுக்கு, அதன் அளவைக் காட்டும் பி.ஹெச்.க்யூ.-9 கேள்வித்தாளைக் குறிப்பிட்ட இடைவெளியில் கொடுப்பேன். ஒன்பது கேள்வி, மூன்று நிமிடம், தமிழிலும் இருக்கிறது, இலவசம். ஒருவர் ஆறு வாரம் சிரித்த முகத்தோடு வந்து போனார், தேறி வருகிறார் என்று நம்பினேன். தாளில் மதிப்பெண் 17, 16, 17, அதாவது மனச்சோர்வு குறையவே இல்லை. கேட்டதற்கு, “நீங்க இவ்வளவு நேரம் ஒதுக்குறீங்க, நல்லா இல்லன்னு எப்படிச் சொல்றது” என்றார். அன்றைக்கே திட்டத்தை மாற்றினோம், மனநல மருத்துவரையும் சேர்த்துக்கொண்டோம். அந்தத் தாள் இல்லையென்றால் அவர் இன்னும் சில வாரம் வந்து, பிறகு நின்றிருப்பார்.

ராமநாதபுரம்: இங்கே சூப்பர்வைசரே கிடையாது. கட்டணம் கொடுக்கவும் வசதியில்லை.

நாலு பேர் சேருங்கள். பக்கத்து மாவட்டம் என்றாலும் சரி, வீடியோவில் சந்திக்கலாம். எங்கள் குழு மாதத்தில் இரண்டாம் சனிக்கிழமை கூடுகிறது, ஒன்றரை மணி நேரம். ஒருவர் தன் அமர்வின் ஒலிப்பதிவைக் கொண்டுவருவார், ஒரு கேள்வியும் கொண்டுவர வேண்டும்: “இந்த இடத்தில் நான் ஏன் பேச்சை மாற்றினேன்?” மாதிரி. கேட்பவர்கள் முதலில் காதில் விழுந்ததை மட்டும் சொல்வார்கள். “நானா இருந்தா” என்று யாராவது ஆரம்பித்தால் நிறுத்திவிடுவோம். கிளையண்ட் பெயர், ஊர், தொழில் எதுவும் வரக் கூடாது. கூட்டம் முடிந்ததும் பதிவை அழித்துவிட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூத்தவர் ஒருவரை அழைத்து, கட்டணத்தைப் பங்கிட்டுக்கொள்கிறோம்.

இதற்கு சி.ஆர்.இ. புள்ளி கிடையாது. என்னை மாற்றியது இதுதான்.

அதே ஊரிலிருந்து: அமர்வை ஒலிப்பதிவு செய்யட்டுமா என்று கிளையண்டிடம் கேட்கவே கூச்சமாக இருக்கிறது. எப்படிக் கேட்பது?

இப்படி: “நான் உங்களுக்கு இன்னும் நல்லா உதவணும்னா, நான் பேசுறத எனக்கு மூத்தவங்க கேட்டுத் திருத்தணும். அதுக்காக இன்னைக்கு நாம பேசுறதப் பதிவு பண்ணலாமா? உங்க பேர் வராது, கேட்டதும் அழிச்சிடுவோம். வேண்டாம்னா ஒண்ணும் இல்ல, எப்பவும்போலப் பேசலாம்.” பிறகு எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். நான் கேட்டவர்களில் பெரும்பாலோர் சரி என்றார்கள். ஒரு அம்மா, “உங்களுக்கும் டீச்சர் இருக்காங்களா?” என்று கேட்டுவிட்டு, பதிவுக் கருவியைத் தன் பக்கம் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டார்.