நாடகத்துக்குப் பாட்டெழுதுகிறவர் திரைக்கதை எழுத முடியாதா?

கோயில் திருவிழா நாடகங்களுக்குப் பாட்டு எழுதுவதாகவும், திரைக்கதை எழுதப் போகலாமா என்று யோசிப்பதாகவும், "பாட்டுக்காரனுக்கு அது வராது" என்று சுற்றியிருப்பவர்கள் சொல்வதாகவும் கேட்டிருக்கிறீர்கள். என்னிடமும் இதையேதான் சொன்னார்கள், தம்பி.

நம் உடுமலைப் பக்கத்துப் பூளவாடியில் 1899இல் பிறந்த நாராயணகவி நாடகத்திலிருந்துதான் சினிமாவுக்குப் போனார். தஞ்சை ராமையாதாஸும் நாடகக்காரர்தான். 1951இல் வந்த பாதாள பைரவி படத்தின் தமிழ் வடிவத்துக்கு வசனம், பாட்டு இரண்டும் அவரே. வசனம் வேறு, திரைக்கதை வேறு என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

பல்லடம் பக்கம் எங்கள் குழு போட்ட நாடகத்தில், கடனுக்குத் தறியை விற்கும் மகனுக்கு ஒரு பாட்டு எழுதியிருந்தேன். முதல் சரணம் அவனுடைய வேதனை. இரண்டாவது, அம்மா வேஷக்காரர் உள்ளே சேலை மாற்றுவதற்காக. ஆர்மோனியக்காரர் வாசித்துக்கொண்டே படுதாவுக்குள் எட்டிப் பார்ப்பார். கொசுவம் வைத்து முடியவில்லை என்றால், கடைசி அடியை இன்னொரு முறை பாடச் சொல்லித் தலையசைப்பார்.

அதைக் குறும்படமாக எடுக்க வந்த இளைஞர் பாட்டு வேண்டாம் என்றார். பாட்டை நீக்கிவிட்டுக் காட்சியாக எழுதினேன். குடோனில் விசைத்தறிச் சத்தம். பேசுவது எதுவும் கேட்பதில்லை. மகன் மோட்டாரை நிறுத்துகிறான். தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருந்த அம்மாவின் கை அப்படியே நிற்கிறது. ஒரு வசனமும் கிடையாது. இதை எழுதியவன் பாட்டுக்காரன்தான்!

திருப்பூர்ப் பக்கம் என்றால் உங்களுக்குப் பனியன் கம்பெனி வேலையாக இருக்கும். அந்த வேலையை உடனே விட்டுவிடாதீர்கள். சினிமாக்காரர்களிடம் கதையைச் சொல்லும் முன் முழுதாக எழுதி, திரைப்பட எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய்ய வழி பாருங்கள்.

கேள்விக்குத் தொடர்பில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்த் திருவிழா நோட்டீஸில் பந்தல்காரர் பெயர் இருக்கும், ரேடியோ செட்காரர் பெயர் இருக்கும். நாடகம் எழுதியவர் பெயர் இருக்காது. கேட்டால், "அது எல்லாருக்கும் தெரியும்தானே" என்கிறார்கள். வெளியூரிலிருந்து வந்து விடியவிடிய உட்கார்ந்து பார்க்கிறவருக்கு எப்படித் தெரியும்? ரேடியோ செட்காரர்மேல் எனக்கு வருத்தமில்லை; அவரும் இரவெல்லாம் கண்விழிக்கிறார். அடுத்த நோட்டீஸுக்குப் புரூப் பார்க்க நானே அச்சகத்துக்குப் போவதாக இருக்கிறேன்.