தணிக்கையாளருக்குக் கூலி கொடுப்பது யார்? – வாசகர் கேள்விகள், பதில்கள்

கேள்வி: மாசு அளவைத் தணிக்கை செய்பவருக்கு ஆலையே பணம் கொடுக்கும்போது அவர் எப்படி உண்மையை எழுதுவார்? பொருளாதாரப் பேராசிரியர்கள் இதை ஆராய்ந்து எந்த மாநிலமாவது முறையை மாற்றியிருக்கிறதா? – வாசகர், ராணிப்பேட்டை

பதில்: குஜராத் மாற்றியிருக்கிறது. உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் 1996இல் அங்கே சுற்றுச்சூழல் தணிக்கை முறை வந்தது. அன்றைய முறையில் ஆலை தனக்குப் பிடித்த தணிக்கையாளரை அமர்த்தி, பேரம் பேசிக் கட்டணம் கொடுக்கும். அறிக்கை மட்டும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போகும். உள்ளதை உள்ளபடி எழுதியவருக்கு அடுத்த ஆண்டு அந்த ஆலையில் வேலை இருக்காது.

எஸ்தர் டஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரோகிணி பாண்டே, நிக்கோலஸ் ரையன் ஆகிய பொருளாதார அறிஞர்கள் நால்வரும் வாரியத்தோடு சேர்ந்து, அகமதாபாத், சூரத் பகுதிகளில் 473 ஆலைகளை எடுத்துக்கொண்டு, 2009 முதல் இரண்டு ஆண்டு இதைச் சோதித்தார்கள். குலுக்கலில் ஏறக்குறையப் பாதி ஆலைகளுக்குப் புது முறை. மற்றவற்றுக்குப் பழைய முறையே. புது முறையில் எந்த ஆலைக்கு எந்தத் தணிக்கையாளர் என்பதையும் குலுக்கலே முடிவு செய்தது. கட்டணம் பொது நிதியிலிருந்து, நிலையான தொகையாகப் போனது. அளவீடுகளில் 20 சதவீதத்தைப் பொறியியல் கல்லூரிக் குழுக்கள் மறுபடி அளந்து பார்த்தன. இரண்டாம் ஆண்டில், துல்லியமாக அளந்தவருக்குக் கூடுதல் தொகை என்பதும் சேர்ந்தது.

புகைபோக்கித் தூசிக்கு வரம்பு கன மீட்டருக்கு 150 மில்லிகிராம். பழைய முறையில் நடந்த தணிக்கைகளின்படி வரம்பு மீறிய ஆலைகள் 7 சதவீதம்தான். அதே வகை ஆலைகளை மறுபடி அளந்தபோது 59 சதவீதம் மீறியிருந்தன! புது முறையில் பொய்யாக ‘வரம்புக்குள்’ என்று எழுதுவது 80 சதவீதம் குறைந்தது. ஆலைகளும் மாசைக் குறைத்தன. மிக மோசமாக இருந்தவையே அதிகம் குறைத்தன.

இதில் மிக முக்கியமாக நாம் நினைப்பது வேறொன்று. இரண்டு முறையிலும் வேலை பார்த்த தணிக்கையாளர்கள் இருந்தார்கள். அதே ஆள், அதே ஆண்டு, புது முறை ஆலையில் உண்மையை எழுதினார். பழைய முறை ஆலையில் எழுதவில்லை. ஆளை மாற்றாமல், ஒதுக்கீடு, கூலி, மறு அளவீடு அடங்கிய முறையை மாற்றியதே போதுமானதாக இருந்தது. 2015இல் குஜராத் தன் தணிக்கை விதிகளைத் திருத்தி, குலுக்கல் ஒதுக்கீட்டைக் கொண்டுவந்தது.

ஓர் எச்சரிக்கை. குலுக்கல், பொது நிதி, மறு அளவீடு மூன்றும் ஒரே கட்டாகத்தான் சோதிக்கப்பட்டன. வேறொரு மாநிலம் குலுக்கலை மட்டும் எடுத்துக்கொண்டு, கட்டணத்தை ஆலையின் கையிலேயே விட்டால், இந்தப் பலனை எதிர்பார்க்க ஆய்வில் ஆதாரம் இல்லை.

கேள்வி: தணிக்கையாளரை நம்பாமல், வாரிய அதிகாரிகளே அடிக்கடி சோதனைக்குப் போனால் தீராதா? – வாசகர், கடலூர்

பதில்: அதே குழு குஜராத்தில் அதையும் சோதித்தது. குலுக்கலில் தேர்ந்த ஆலைகளுக்கு அதிகாரிகள் ஏறக்குறைய இரண்டு மடங்கு முறை போனார்கள். மாசு சொல்லும்படி குறையவில்லை. எந்த ஆலை பெரிய மாசு செய்கிறது என்பது அதிகாரிகளுக்கு முன்பே தெரிந்திருந்தது. அங்கே ஏற்கெனவே போய்க்கொண்டுதான் இருந்தார்கள். கூடுதல் சோதனைகளில் சிக்கியவை பெரும்பாலும் சிறிய மீறல்கள். அன்று வாரியத்தின் கையில் இருந்த பெரிய ஆயுதம் ஆலையை மூடுவது. சிறிய மீறலுக்கு அதை யாரும் எடுப்பதில்லை.

அதனால்தான் 2019இல் சூரத்தில் வேறு வழி பிடித்தார்கள். புகைபோக்கியிலேயே இடைவிடாமல் அளக்கும் கருவி பொருத்தி, மொத்தத் தூசிக்கு ஓர் உச்சவரம்பு வைத்து, அதற்குள் ஆலைகள் தூசி உரிமங்களை வாங்கி விற்கும் சந்தை. அதில் சேர்ந்த ஆலைகளின் தூசி, சேராதவற்றைவிட 20 முதல் 30 சதவீதம் குறைந்தது.

கேள்வி: தமிழ்நாட்டில் இப்படி எதுவும் நடந்திருக்கிறதா? – அங்கன்வாடிப் பணியாளர், தர்மபுரி

பதில்: உங்கள் துறையிலேயே நடந்தது. கார்த்திக் முரளிதரன், அலெஹாந்த்ரோ கனிமியன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் மூவரும் 320 அங்கன்வாடி மையங்களில் பாதிக்கு, முன்பருவக் கல்விக்கென அரை நேரப் பணியாளர் ஒருவரைக் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 18 மாதத்தில் முன்பருவக் கல்விக்குக் கிடைத்த நேரம் இரண்டு மடங்கானது. கணிதத்திலும் மொழியிலும் குழந்தைகள் முன்னேறினார்கள். வளர்ச்சிக் குறைவும் கடும் ஊட்டச்சத்துக் குறைவும் குறைந்தன. கல்விக்குச் சேர்த்த ஆளால் உடல்நலம் ஏன் தேறியது? ஏற்கெனவே இருந்த பணியாளருக்குக் கற்பிக்கும் சுமை குறைந்து, ஊட்டச்சத்து வேலைக்கும் பதிவேடுகளுக்கும் நேரம் கிடைத்தது. ஒரே ஆள் தலையில் கல்வியையும் ஊட்டச்சத்தையும் பதிவேட்டையும் கட்டிவைத்ததுதான் கோளாறு என்று நீங்கள் எல்லாரும் சொல்லிவந்ததற்கு இது எண்களோடு கூடிய சான்று.

கொரோனாவுக்குப் பிறகு கிராமப்புறத் தமிழ்நாட்டில் சுமார் 19,000 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு இன்னொன்று. பள்ளி திறந்த ஆறு மாதத்தில், இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் 24 சதவீதம் இல்லம் தேடிக் கல்வி தந்தது.

கேள்வி: பாதிப் பேருக்குக் கொடுத்துப் பாதிப் பேருக்கு மறுப்பது அநியாயம் அல்லவா? எங்கள் மாவட்டத்தில் ஒரு திட்டத்தைச் சோதிக்க நினைத்தால் எதில் கவனம் வேண்டும்? – வாசகர், திண்டுக்கல்

பதில்: எல்லாருக்கும் கொடுக்கப் பணம் இருந்து மறுத்தால் அநியாயம். பாதிக்குத்தான் நிதி என்றால், சிபாரிசைவிடக் குலுக்கல் நியாயமானது.

அங்கன்வாடித் திட்டம் என்று வைத்துக்கொண்டால், குலுக்கலைக் குழந்தை வாரியாகப் போடாதீர்கள், மைய வாரியாகப் போடுங்கள். ஒரே மையத்தில் பிரித்தால் பலன் பக்கத்துக் குழந்தைக்கும் போய்ச் சேர்ந்து வித்தியாசம் மறைந்துவிடும். திட்டம் பெறுவதில் பத்து, பெறாததில் பத்து மையம் என்றால் போதாது; மையத்துக்கு மையம் இயல்பாகவே இருக்கும் வேறுபாட்டில் பலன் கரைந்துவிடும். திட்டம் தொடங்கும் முன்பே இரு பக்கத்தையும் அளந்துவிட வேண்டும். அளப்பவர் அந்த மையத்தின் ஊழியராக இருக்கக்கூடாது. இடையில் விலகிய குழந்தைகளை வீடு தேடிப் போய் அளக்க வேண்டும். விட்டுவிட்டால், நன்றாகப் படிப்பவர்கள் மட்டும் மிஞ்சித் திட்டம் வென்றதுபோலத் தெரியும். எந்த எண்ணை வைத்து வெற்றி என்று சொல்வோம் என்பதைத் துறைச் செயலாளரும் ஆய்வாளரும் முன்கூட்டியே எழுதிக் கையெழுத்திடுவது நல்லது. ஒரு மையத்துக்கு ஆண்டுச் செலவு எவ்வளவு என்ற கணக்கையும் முதல் நாளிலிருந்தே வைத்திருங்கள். கோப்பு நிதித்துறைக்குப் போனதும் கேட்கப்படுவது அதுதான்.